தட்டின் அடியில் என்ன இருக்கிறது?

சும்மா ஒரு கற்பனை. நீங்கள் பாரிஸில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் செலவு இல்லாத பயணம்தானே, மறுக்காதீர்கள்!

உங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் சின்ன ஸ்டாண்டில் சாய்த்து வைத்த ஒரு பீங்கான் தட்டு. ஓரமெல்லாம் வான நீலம். நடுவில் வெள்ளை வட்டத்துக்குள் ஒரு பூங்கொத்து. விளிம்பைச் சுற்றித் தங்கக் கொடி. திருப்பிப் பார்த்தால், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்ட இரண்டு 'எல்' எழுத்துகள். பிரான்ஸ் மன்னர் லூயியின் முத்திரை. செவ்ர் தொழிற்சாலையில் 1760-களில் செய்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு வருடச் சேமிப்பை மொத்தமாகக் கொடுத்து வாங்கினீர்கள். இருபது வருடமாக, தினமும் காலையில் காபியும் கையுமாக அதன் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கிறீர்கள்.

ஒரு நாள் விஷயம் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வருகிறார். தட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொல்கிறார்: "மண் அசல்தான். 1760-கள். ஆனா, இந்தப் பெயின்ட்டிங் அறுபது வருஷம் கழிச்சு வேற யாரோ போட்டது. முத்திரையும் போலி."

அவ்வளவுதான். தட்டின் விலை தடாலென்று விழுந்துவிட்டது.

இப்போது என் கேள்வி. தட்டில் ஓர் அணுகூட மாறவில்லை. நேற்றிருந்த அதே நீலம். அதே பூ. அதே தங்கம். பிறகு, குறைந்தது எது? இருபது வருடமாக நீங்கள் ரசித்தது தட்டையா, இல்லை, தட்டைப் பற்றி யாரோ சொன்ன கதையையா?

இது ஏதோ பணக்காரர்கள் வீட்டுப் பிரச்னை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில், 'மண் அசல், ஓவியம் போலி' என்கிற விசித்திரம் எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம்.

பிரான்ஸில் 1740-ல் வான்சேன் என்ற இடத்தில் ஒரு பீங்கான் பட்டறை தொடங்கியது. 1756-ல் அது பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அதை மொத்தமாக வாங்கிவிட்டார். ராஜாவே முதலாளி! சேல்ஸுக்குப் பஞ்சமா? வருடக் கடைசியில் வெர்சேல்ஸ் அரண்மனையில், தன் சொந்த அறைகளிலேயே புதுச் சரக்கைப் பரப்பி வைத்து விற்பனை நடத்தினார். பிரபுக்களும் சீமாட்டிகளும் வரிசையில் வந்தார்கள். மன்னர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று யாராவது நழுவ முடியுமா என்ன?

ஆனால், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு குறை இருந்தது. நல்ல பீங்கானுக்கு கேயொலின் என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலை அந்த ரகசியத்தைப் பிடித்து 1710-லேயே தொழிலைத் தொடங்கிவிட்டது. பிரான்ஸில் அந்த மண் கிடைக்கவில்லை. அதனால் கண்ணாடிப் பொடி மாதிரி ஒரு கலவையைச் சேர்த்து, 'மென் பீங்கான்' என்று ஒன்றைச் செய்தார்கள். பார்க்க வெண்ணெய் போல இருக்கும். வண்ணம் அதில் அப்படியே உருகி இறங்கும். ஆனால், சூளையில் கோணிக்கொள்ளும், வெடிக்கும். வேக வைத்ததில் நிறைய வீணாகும். கத்தி பட்டால் கீறல் விழும். சாப்பிடுவதற்கென்று செய்த தட்டு, சாப்பிட்டால் கெட்டுப்போகும். ராஜ வாழ்க்கை!

கடைசியில் 1768-ல், லிமோஜ் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் இரியே என்ற ஊரில் கேயொலின் அகப்பட்டது. விஞ்ஞானி யாரும் தவம் இருந்து கண்டுபிடிக்கவில்லை. உள்ளூர் வைத்தியர் ஒருவரின் மனைவி, துணி வெளுக்க நல்லா இருக்கே என்று எடுத்து வைத்திருந்த வெள்ளை மண் அது! அதன் பிறகு, கெட்டியான அசல் பீங்கான் பிரான்ஸிலும் வந்தது. கஷ்டமான மென் பீங்கானுக்கு மவுசு குறைந்தது.

பிறகு புரட்சி. மன்னரின் தலையே போனது. தொழிற்சாலை தள்ளாடியது. சம்பளம் கொடுக்கக்கூடப் பணம் இல்லாத நிலை. 1800-ல் அலெக்ஸாந்தர் ப்ரோன்யார் என்பவர் டைரக்டராக வந்தார். நல்ல நிர்வாகி. 1804-ல் மென் பீங்கான் தயாரிப்பையே நிறுத்தினார். கிடங்கில், ஓவியம் தீட்டாத பழைய வெள்ளைத் தட்டுகளும் கோப்பைகளும் மலை போலக் கிடந்தன. விற்றுக் காசாக்கினார். எந்தக் கம்பெனியும் செய்கிற ஸ்டாக் கிளியரன்ஸ்தான்.

வாங்கியவர்களோ கெட்டிக்காரர்கள். மண் அசல் செவ்ர். வடிவமும் அசல். மேலே பழைய பாணியில் நீலம் அடித்து, பூப் போட்டு, தங்கம் பூசி, அடியில் இரண்டு 'எல்' போட்டுவிட்டால்..? ராஜா காலத்துச் சரக்கு ரெடி! பிறகு வெள்ளைத் தட்டு தீர்ந்ததும், சாதாரணப் பூ போட்ட அசல் பழைய தட்டுகளை வாங்கி, இருந்த ஓவியத்தைத் திராவகத்தில் அழித்து, மேலே ஆடம்பரமாகத் தீட்டவும் தொடங்கினார்கள்.

ஏமாந்தவர்கள் அப்பாவிகள் மட்டும் இல்லை. 1816-ல் பதினெட்டாம் லூயி மன்னரிடமே ஒரு பீங்கான் செட் வந்தது. 'உங்கள் தாத்தா பதினைந்தாம் லூயி வைத்திருந்தது' என்று கதை. மன்னருக்குச் சந்தேகம் வந்து, செவ்ருக்கே அனுப்பிக் கேட்டார். போலி என்று பதில் வந்தது. தாத்தாவின் பாத்திரத்தைப் பேரனிடமே விற்கப் பார்த்திருக்கிறார்கள்!

அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். வெர்சேல்ஸ் அரண்மனையே, அரச குடும்பத்து நாற்காலிகள் என்று நம்பி வாங்கியவற்றில் சில, சமீப காலத்தில் செய்த போலிகள் என்று தெரிந்தது. அந்தத் துறையின் பெரிய நிபுணர் ஒருவரும் ஒரு மர வேலைக் கலைஞரும் சேர்ந்து செய்த வேலை. 2025 ஜூனில் பிரெஞ்சு நீதிமன்றம் தண்டனை விதித்தது. அசல் எது என்று சொல்ல வேண்டியவரே போலியைச் செய்தால், யார் என்ன செய்ய முடியும்?

ஆனாலும், பொய்க்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லா விவரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள அதனால் முடியாது.

செவ்ரில் 1753-லிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்து போட்டார்கள். 'ஏ' என்றால் 1753. 'பி' என்றால் 1754. அவர்களுடைய பிரபலமான ரோஜா நிறம் வந்தது 1757-ல். ரோஜா நிறத் தட்டில் யாராவது 'ஏ' போட்டால்..? குட்டு உடைந்தது. இன்னொன்று, குரோமியம். வோக்லான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1797-ல்தான் அதைக் கண்டுபிடித்தார். அதில் இருந்து வந்த பச்சை, பீங்கானில் ஏறியது 19-ம் நூற்றாண்டில். '1765' தட்டின் இலைப் பச்சையில் குரோமியம் இருக்கிறது என்று எக்ஸ்ரே கருவி சொன்னால், அந்த இலை பிற்பாடு முளைத்தது என்று அர்த்தம். பழைய மென் பீங்கானை மறுபடி சூளையில் வைத்தால், மேல்பூச்சில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடுவதும் உண்டு.

சரி, நம் கேள்விக்கு வருவோம். என்ன குறைந்தது?

நான் படித்தது பி.காம். எல்லாவற்றையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி. கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒன்று வரும். நற்பெயர். ஒரு கடையை நீங்கள் வாங்குகிறீர்கள். கடையில் இருக்கிற சரக்கு, மேஜை, நாற்காலி எல்லாம் சேர்த்து பத்து லட்சம். ஆனால், நீங்கள் கொடுத்தது பதினைந்து லட்சம். மீதி ஐந்து லட்சம் எதற்கு? பெயருக்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால், பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக உட்கார்ந்திருக்கும்.

உங்கள் தட்டின் விலையிலும் இரண்டு பகுதி. தட்டுக்குக் கொஞ்சம். 'மன்னர் காலத்தது' என்ற பெயருக்கு நிறைய. நிபுணர் வந்து போனதும், குட்வில்லை ரைட் ஆஃப் செய்ய வேண்டியதாகிவிட்டது. அவ்வளவுதானே?

'அப்போ, எல்லாம் வெறும் ஜம்பம்னு சொல்லுங்க' என்று நீங்கள் கேட்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால், அசலுக்காக அலைவது பகட்டுதானே? நியாயமான கேள்வி. கலெக்டர்களில் பாதிப் பேராவது, தட்டை வாங்குவதில்லை, விருந்தாளியின் 'ஓ!' என்ற சத்தத்தைத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால், முழுக்க அப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பதினாறாம் லூயி 1783-ல் செவ்ருக்கு ஒரு ஆர்டர் கொடுத்தார். ஒரு விருந்துக்கான முழு செட். ஒவ்வொன்றிலும் அத்தனை நுணுக்கமான ஓவியம். முடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும் என்று திட்டம். யோசித்துப் பாருங்கள். 'இருபது வருஷம் கழிச்சு இந்தத் தட்டுல சாப்பிடுவேன்' என்று ஒருவர் நிம்மதியாக ஆர்டர் கொடுக்கிறார். பத்தே வருடம். 1793 ஜனவரியில் கில்லட்டினில் அவர் தலை உருண்டது. செட் பாதிகூட முடியவில்லை. அவருக்குப் பிறகு, செய்தவரைக்கும் இருந்ததை வாங்கியவர், பின்னால் நான்காம் ஜார்ஜ் என்று பட்டம் சூட்டிக்கொண்ட இங்கிலாந்து இளவரசர். வருடம் 1811. இன்றும் அது பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தத் தட்டுகளின் முன்னால் நின்றால், மனசுக்குள் ஏதோ ஒன்று செய்யாதா? அச்சு அசலாக அதே மாதிரி 1850-ல் செய்த ஒரு தட்டு, அதைச் செய்யுமா? செய்யாது. ஏன்? முதல் தட்டு ஒரு சாட்சி. இரண்டாவது, சாட்சி சொன்னதை மிமிக்ரி செய்கிற ஆள். அம்மா கைப்பட எழுதிய கடிதத்தையும் அதன் ஜெராக்ஸ் பிரதியையும் வைத்து, 'ரெண்டுலயும் அதே எழுத்துதானே, ஒண்ணைத் தூக்கிப் போடு' என்றால், எதைப் போடுவீர்கள்? அது பகட்டு இல்லை. ஒரு கை இங்கே பட்டது என்கிற உண்மையை மதிக்கிற குணம்.

கை என்றதும் ஒரு விஷயம். செவ்ர் தட்டின் அடியில் ராஜாவின் முத்திரை மட்டும் இல்லை. ஓவியம் தீட்டியவர், தங்கம் பூசியவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு குறி உண்டு. வான்சான் என்று ஒரு தங்க வேலைக்காரர். அவர் போட்ட குறி '2000'. பிரெஞ்சில் 'இருபது நூறு' என்பதும் 'வான்சான்' என்பதும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் அந்த எண்! யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில் ஒரு தொழிலாளி வைத்துவிட்டுப் போன சின்ன ஜோக்.

போலித் தட்டில் அடிபட்டுப்போவது இதுதான். வாங்குகிறவரின் பணம் போகிறது, சரி. இன்னொருவரும் இழக்கிறார். 1820-களில் அந்தப் பூவைத் தீட்டினாரே, அவர். கை தேர்ந்த கலைஞர். இல்லாவிட்டால், இருபது வருடம் நீங்கள் சொக்கிப்போய் நிற்பீர்களா? ஆனால், அவர் தன் பெயரைப் போடவில்லை. செத்துப்போன யாரோ ஒருவருடைய குறியைப் போட்டார். தன் வேலையையே தனக்கு இல்லாமல் செய்துகொண்டார்.

அடுத்தவன் செய்த தட்டில் ஓவியம் போடுவதே தப்பா? இல்லவே இல்லை. லிமோஜைப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டில் அங்கே வெள்ளைத் தட்டு செய்வது ஒருவர், ஓவியம் போடுவது இன்னொருவர் என்பது சர்வசாதாரணம். அமெரிக்காவில் இருந்து வந்து தொழில் செய்த ஹாவிலண்ட் கம்பெனியின் தட்டுகளைத் திருப்பினால், பலவற்றில் இரண்டு முத்திரை இருக்கும். மேல்பூச்சுக்குக் கீழே பச்சையில் ஒன்று: தட்டு செய்தது இவர். பூச்சுக்கு மேலே சிவப்பில் இன்னொன்று: அலங்காரம் செய்தது இவர். வெள்ளைத் தட்டை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஓவியம் போட்டுத் தன் கையெழுத்தைப் போட்ட அமெரிக்கப் பெண்மணிகளும் ஏராளம்.

செய்த வேலை ஒன்றே. அடுத்தவர் மண், தன் ஓவியம். ஓர் இடத்தில் அது தொழில். இன்னோர் இடத்தில் மோசடி. வித்தியாசம், தட்டின் அடியில் ஒரு சின்ன முத்திரை.

நடுவில் நின்றவர்களும் உண்டு. தாமஸ் மார்ட்டின் ராண்டல் என்று ஓர் ஆங்கிலேயர். 1820-களிலும் 1830-களிலும் மேட்லி என்ற ஊரில் தொழில் செய்தார். லண்டன் வியாபாரிகளுக்காகப் பழைய செவ்ர் தட்டுகளில் புது ஓவியம் தீட்டிக் கொடுத்தவர். பிறகு தானே மென் பீங்கான் செய்தார், செவ்ர் பாணியிலேயே. 'இதுலயும் அந்த ரெண்டு எல் போட்டுடலாமே' என்றபோது, முடியாது என்றுவிட்டார். அவர் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர். பொய் சொல்லக் கூடாது. செவ்ர் மண்ணில் தீட்டியது செவ்ர்தான் என்று ஒரு சமாதானம். தன் மண்ணைச் செவ்ர் என்று சொல்ல மட்டும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. பிறகு யோசித்தால், நாமும் இப்படித்தானே கோடு போட்டுக்கொள்கிறோம்! வாயால் பொய் சொல்ல மாட்டோம். ஆனால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவும் மாட்டோம். பழைய வண்டியை விற்கும்போது, வாங்க வருபவர் இன்ஜினைப் பற்றிக் கேட்காவிட்டால், நாம் பாட்டுக்கு சீட் கவரின் அழகைப் பேசிக்கொண்டிருப்போம்.

இங்கேதான் உங்கள் தட்டு உங்களை உண்மையான பரீட்சையில் உட்கார வைக்கிறது. அந்த நிபுணர் போகும்போது, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்கிறார். நீங்கள் தட்டை ஏலத்துக்கு அனுப்பலாம். '1760' என்று நீங்கள் எழுத வேண்டாம். முத்திரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் போதும். பார்க்கிறவர் தானே நினைத்துக்கொள்வார். ஒரு வருடச் சேமிப்பு பத்திரமாகத் திரும்பி வரும். நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை!

'நானும் ஏமாந்தவன்தானே? முழு விலை கொடுத்தேனே! நஷ்டத்தை நான் ஏன் சுமக்கணும்?' இந்தக் கேள்வியை லேசாக ஒதுக்க முடியாது. அந்தப் பணத்தில் ஒரு பெண்ணின் படிப்பு இருக்கலாம். ஓர் ஆபரேஷன் இருக்கலாம். நேர்மையைப் பற்றி எழுதுவது சுலபம். அதற்கான பில் எழுதுகிறவன் வீட்டுக்கு வருவதில்லை.

ஆனாலும், கணக்கைக் கொஞ்சம் நேராகப் போட்டுப் பாருங்கள். 1820-களில் போலி செய்தவருக்குக் கிடைத்தது அந்தக் காலத்து விலைதான். தட்டு கை மாற மாற விலை ஏறியது. உண்மை தெரிந்த பிறகும் அதை அடுத்தவர் தலையில் கட்டியவர் யாரோ, அவர்தான் பெரிய தொகையைப் பார்த்தார். அவரும் உங்களை மாதிரிதான் சொல்லியிருப்பார்: 'நான் ஏன் சுமக்கணும்?' ஒரு பொய் இரண்டு நூற்றாண்டு உயிரோடு இருக்க, அதைச் செய்தவன் மட்டும் போதாது. நடுவில் வாய் மூடிக்கொண்ட நல்லவர்கள் வேண்டும். நிபுணர் வீட்டுக்கு வந்த நாள் வரை நீங்கள் ஏமாந்தவர். மௌனமாக விற்கிற நாளில் இருந்து, அந்தப் பட்டறையின் கடைசி ஊழியர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உண்மையைச் சொல்லியே விற்கலாம். 'செவ்ர் பாணி, 19-ம் நூற்றாண்டு' என்றே ஏல கேட்டலாக்குகளில் தனி வகை இருக்கிறது. அதையும் வாங்குகிறார்கள். விலை குறைவு. ஆனால், தட்டு தன் சொந்த விலைக்கு விற்கிறது.

இல்லை, விற்கவே மனசு வரவில்லையா? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பதில். குட்வில் கணக்கில் ஒரு விதி சொல்ல விட்டுவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் புத்தகத்தில் சொத்தாக எழுதலாம். நாமே நாளாவட்டத்தில் வளர்த்துக்கொண்டதை எழுதக் கூடாது. எழுத முடியாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? தினமும் ஐந்து நிமிடம், இருபது வருடம். அந்தச் சந்தோஷத்தில் போலி எதுவும் இல்லை. எந்த நிபுணரும் அதை ரைட் ஆஃப் செய்ய முடியாது.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். சின்னதாக ஒரு சீட்டு எழுதி, தட்டோடு வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையோ, அதை வாங்குகிற யாரோ திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டும். 'மண், செவ்ர், 1760-கள். ஓவியம், பெயர் தெரியாத ஒரு நல்ல கலைஞர், 1820-கள். முத்திரை பொய். இருபது வருடம் ரசித்தவர், இன்னார்.'

கீழே உங்கள் கையெழுத்து.